மூச்சுக் கூட்டாளி

ஜூலை 20

இந்த நோட்டில் நான் எழுதப் போகிற கதையை நம்பக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் நம்பாமல்தான் வளர்வார். இது மாசிலாமணியாகிய நான், வலது கையை என் சொந்தத் தொண்டையின் மேல் வைத்து, முழு சுயநினைவோடு கொடுக்கிற வாக்கு. பின்னாளில் என் தங்கை மகள் ஹெப்சி அலமாரியைக் குடைந்து இதைத் திருட்டுத்தனமாகப் படிப்பாள். படி, அம்மா. ஒரு வரியையும் நம்பாதே.

விஷயம் இது. எங்கள் பல்கலைக்கழகப் பாடகர் குழுவுக்கு இந்த வருடம் ஐம்பது வயது. ஆகஸ்டில் தொடக்க விழா, அதன் பிறகு ஊர் ஊராகக் கச்சேரி, டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே சேர்ந்திசைப் போட்டி. அந்தச் சுழற்கேடயம் எங்கள் கைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. பொன்விழா வருடத்திலும் வரவில்லையென்றால் தாமிரபரணி வெட்கப்பட்டு மலைக்கே திரும்பிப் போய்விடும் என்று இன்றைய கூட்டத்தில் எச்சரித்தேன். குழுவை நடத்துகிற பியூலா மேடம், "மாமா, உக்காருங்க" என்றார். ஹெப்சி குழுவில் சேர்ந்து மாமா என்று கூப்பிடப் போய், இப்போது மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் நான் மாமா.

மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். நிலையாக நிற்கிற தூண்கள் இரண்டு. ஒன்று, தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளராகிய நான். மற்றது, இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஏப்ரலில் ஓய்வு பெற்ற கோயில்பிள்ளை. அடிக்குரல் இருபது வயதில் வராது. கல்யாணம் முடிந்து, பிள்ளைக்கு ஸ்கூலில் சீட் வாங்க நாலு பேர் வாசலில் நின்ற பிறகுதான் தொண்டைக்குள் இறங்கும். அதனால்தான் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் பாடலாம் என்று போட்டி விதியே இருக்கிறது.

என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. ஒரு பட்டமளிப்பு விழாவில் நான் கீழே இறங்கியபோது துணைவேந்தரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி நடுமார்பில் விழுந்தது. ஆற்றில் படுத்திருந்த எருமைகள் எழுந்து நின்றன. கோயில்பிள்ளையின் குரலும் நல்ல குரல்தான். என் குரலுக்குக் கீழே விரிக்கிற பாய் மாதிரி. என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் என்னை அண்ணாச்சி என்பார். அதில் ஏதோ நியாயம் இருப்பதால் நானும் தடுக்கவில்லை.

போட்டியில் எல்லாக் குழுவும் பாடியாக வேண்டிய பாட்டாக, எங்கள் குழுவின் நிறுவனர் எழுதிய ஆற்றுப் பாட்டையே இந்த வருடம் அறிவித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நாலு வரி, அடிக்குரல் தனியாகப் பாடும். அந்த நாலு வரி என்னுடையது. முடிவில் ஆறு கடலுக்குள் போகும். மேல் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கும்; அடிக்குரல் மட்டும், மிக மிகக் கீழே, ஒரே ஸ்வரத்தில் நிற்கும். நடத்துபவரின் கை இறங்கும் வரை நிற்கும். எங்கள் குழுவில் அந்த ஆழத்துக்கு இரண்டு தொண்டைதான் போகும். ஒற்றை மனிதனின் மூச்சு அதற்குப் பத்தாது.

அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. கோயில்பிள்ளை என் வலது பக்கம் நிற்பார். அவருக்கு மூச்சு முடியும்போது முழங்கையால் என் விலாவில் ஒரு இடி. "நான் மூச்சு எடுக்கப் போறேன், நீரு பிடிச்சுக்கிடும்" என்று அர்த்தம். எனக்கு முடியும்போது நான் இடிப்பேன். கேட்கிறவர்களுக்கு மூச்சே விடாத ஒரு பூதம் பாடுவது போல இருக்கும். இருபத்திரண்டு வருடம். என் வலது விலாவில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "இது பிறவியிலேயே இருக்கா?" என்று கேட்டார்.

எதிரே நிற்கிற பியூலா மேடத்துக்கே யார் எப்போது மூச்சு எடுக்கிறோம் என்று தெரியாது. கோயில்பிள்ளை அதற்கு ஆய்வக விளக்கம் கொடுப்பார்: "கீழ்ச் சத்தத்துக்குத் திசை கிடையாது அண்ணாச்சி. எங்கேருந்து வருதுன்னு காது சொல்லாது."

ஆகஸ்ட் 2

காலையில் மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் வருகிறேன் என்றான், வரவில்லை.

மாலைப் பயிற்சி முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் கோயில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் அந்த நாலு வரிய நான் பாடட்டுமா?"

"எந்த நாலு வரி?"

"மொதல்ல தனியா வருமே. நீரு பாடுவீருல்லா."

நான் சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டில் சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்தன. "வேய், ரிட்டயர் ஆனதும் உமக்கு நல்லா ஜோக் வருதுவே!"

அவரும் சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார். கோயில்பிள்ளை எதிலும் கொஞ்சம் பிந்திதான்.

ஆகஸ்ட் 16

நேற்று தொடக்க விழா. மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. நுழைந்த ஈக்களும் நின்றுகொண்டே கேட்டன.

துணைவேந்தர், "இத்தனை ஆண்டுகள் அடிக்குரலாக நின்றவர்களுக்கு" என்று சொல்லி ஒரு பொன்னாடையை விரித்தார். பொன்னாடை ஒன்று, கழுத்து இரண்டு. சபையின் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று நான் தலையைக் குனிந்துவிட்டேன். கோயில்பிள்ளை கைதட்டினார். நல்ல கை அவருக்கு. சத்தம் பால்கனி வரைக்கும் போயிருக்கும்.

விழா மலரில் எங்கள் படம். அட்டையில் இடம் பத்தவில்லையாம், எனக்கு வலது பக்கத்தை வெட்டிவிட்டார்கள். என் விலாவை ஒட்டி ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. "உம்ம முழங்கை நல்லா விழுந்திருக்குவே" என்று காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொன்னாடையை டி.வி.யின் மேல் போர்த்தியிருக்கிறோம். தூசிக்கு நல்லது.

ஆகஸ்ட் 29

கோயில்பிள்ளையின் செருப்பில் செம்மண். எங்கள் பக்கம் முழுக்கக் கரிசல்; ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக முளைத்திருக்கிற தனியார் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் செம்மண். கேட்டதற்கு, "தோட்ட வேலை" என்றார். அவர் குடியிருப்பது இரண்டாம் மாடி. தொட்டியில் ஏதாவது வைக்கிறார் போல.

இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவர் வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. ஓய்வு பெற்றவர்களுக்கு விசித்திரமான பொழுதுபோக்குகள் வரும்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள் அவருக்கு, "குட் ஈவினிங் வார்டன் சார்" என்று சல்யூட் வைத்தார்கள். ஆள் மாறிப் போயிருக்கும். கோயில்பிள்ளைக்கு எல்லாரையும் போல ஒரு முகம்.

செப்டம்பர் 6

தூத்துக்குடிக் கச்சேரி. கடைசி ஸ்வரத்தில் இடி வரவில்லை. நானாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். மீன் குழம்பு பிரமாதம்.

செப்டம்பர் 12

கோயில்பிள்ளை குழுவிலிருந்து விலகிவிட்டார். கால் வீக்கமாம், நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்ல இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, ஆற்றுப் பாலம் வரை நடந்து, என்னை வழிமறித்துச் சொன்னார். கால் வீக்கத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"போட்டிக்கு மட்டுமாவது வாரும்வே. நாற்காலி போட்டுருவோம்."

"இல்ல அண்ணாச்சி."

"சிம்மாசனம் போடுதேன். யானை வச்சிக் கூட்டிட்டு வாரேன்."

"யானை வேண்டாம்." பிறகு, கொஞ்சம் பிந்தி, "நாலு வரி நீரே பாடும்" என்றார். நான்தானே பாடுகிறேன்? இதை ஏன் சொன்னார் என்று புரியவில்லை.

அவர் இடத்தில் இனி பிரின்ஸ் நிற்பான். பி.காம் இரண்டாம் வருடம், நல்ல பையன். ஆனால் அவன் குரல் என் இடுப்பு வரைதான் இறங்கும்.

செப்டம்பர் 20

ஆப்பிள் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனேன். நோயாளி இல்லை. அவர் மனைவி ரஞ்சிதம் அக்கா கதவைத் திறந்தார்.

"அவாளுக்கு இன்னைக்கு டூட்டி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்தார். "கடைக்குப் போயிருக்காவ."

"காலு எப்படி இருக்குக்கா?"

"யாருக்கு?"

காபி கொடுத்தார். கொடியில் ஒரு மெரூன் கலர் கோட்டு காய்ந்தது. ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன். நல்ல ஆப்பிள். காஷ்மீர் ராஜா எனக்கென்றே அனுப்பியது.

அக்டோபர் 11

நாகர்கோவில். மூன்று பல்கலைக்கழகங்கள் கூடிய நட்புக் கச்சேரி. நட்பு.

நாங்கள் பாடி இறங்கினோம். அடுத்தது அக்கரைக்காரர்கள், மெரூன் கோட்டில். பின் வரிசையில், ஓரத்தில், வீங்காத இரண்டு கால்களில், நேராக நின்றான் கோயில்பிள்ளை.

இனிமேல் அவர் இல்லை, அவன்தான்.

ஓரத்தில் நின்றவன் முன்னால் வந்தான். ஏதோ பாட்டு, நாலு வரி, தனியாக. மைக்கே இல்லாமல். நன்றாகப் பாடினான் என்று நான் எழுத மாட்டேன். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார், கண்வலிக்காரராக இருக்கும். ஹெப்சியும் துடைத்தாள். அவளுக்கும் தொற்றியிருக்கும்.

அக்டோபர் 12

ரேஷனில் சீனி இல்லை.

அக்டோபர் 14

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

கோயில்பிள்ளை ஜூன் மாதத்திலிருந்தே அக்கரையில் விடுதிக் காப்பாளர். பியூலா மேடத்துக்குத் தெரியும். பிரின்ஸுக்குத் தெரியும். கேண்டீனில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும். ஹெப்சிக்கு, என் ரத்தத்துக்கு, நான் சைக்கிளில் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோன பிள்ளைக்கு, தெரியும்.

"ஏம்ட்டி என்கிட்ட சொல்லல?"

"அவிய உங்ககிட்ட அவியளே சொல்லுதேன்னாவ மாமா. மூணு மாசமா சொல்ல வந்து வந்து திரும்பிப் போயிருக்காவ."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

நான் பேச விடவில்லையாம். இதைப் பற்றி நான் அவளிடம் அரை மணி நேரம் பேசினேன்.

சீசர் என்கிற ரோமாபுரி ராஜாவைக் குத்தியவர்கள் முன்னால் நின்றாவது குத்தினார்கள். இங்கே நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அக்டோபர் 30

மோட்டார் சரியாகிவிட்டது. சத்தம் மேல் ஸ்வரத்தில் வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 3

சலூனில் உட்கார்ந்திருக்கிறேன். முகம் முழுக்க நுரை. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தால் அவன். முகத்தில் நுரையோடு எழுந்து போகிற அளவுக்கு எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினோம்.

"ஓய் வார்டன். காலு எப்படி இருக்கு?"

"தப்புதான் அண்ணாச்சி. நேரா சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் நீரு ஒரு கதையாக்கிருவீரு. யானை வரும், ராஜா வருவான். நான் அதுலயும் ஓரமா நிப்பேன்."

சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் அவரை முறைத்தேன்.

"நாலு வரிக்காக இருபத்திரண்டு வருசத்த வித்துட்டீரே வேய்."

"இருபத்திரண்டு வருசமா நாலு வரி கேட்டேன் அண்ணாச்சி."

"எப்பக் கேட்டீரு?"

கோயில்பிள்ளை கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான். பிறகு, "கடைசி ஸ்வரத்துக்கு உம்ம கூட யாரு?" என்றான்.

"யாரும் வேண்டாம். நான் தனியாவே கடல் வரைக்கும் போவேன். உம்ம கூட?"

"தனியாத்தான். பையங்க யாருக்கும் எட்டல."

"நல்லா முங்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கன்னம் சவரம் செய்திருக்கிறது, மறு கன்னம் செய்யவில்லை.

நவம்பர் 18

தனியாகப் பிடிக்கப் பயிற்சி. காலையில் வாளித் தண்ணீரில் முகத்தை முக்குகிறேன். மாலையில் பாலத்தில் நின்று ஒரே மூச்சில் பாடுகிறேன். நேற்று ஒரு சரக்கு ரயில் கடந்து முடிக்கும் வரை பிடித்தேன். அறுபது பெட்டி. டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.

(பெட்டிகளை எண்ணவில்லை. தலை சுற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.)

பியூலா மேடம், "மாமா, கடைசில கொஞ்சம் சுருக்கிக்குவோமா? நான் கையை சீக்கிரம் இறக்கிருதேன்" என்றார்.

"ஆறு பாதில நிக்குமா மேடம்?"

"போட்டி விதிப்படி முழுசா பிடிச்சாத்தான் முழு மார்க்கு. ஆனா உங்க உடம்பு..."

"முழுசா இறங்கட்டும் உங்க கை" என்றேன். குழு முழுக்கக் கைதட்டியது. அவர்களுடைய கேடயம் இப்போது என் ஒருவன் நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது. பால்கனி வரைக்கும் கேட்கிற கைதட்டல் அதில் இல்லை.

டிசம்பர் 9

மதுரையில் போட்டி முடிந்தது. வரலாற்றுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் குழு மூன்றாவதாகப் பாடியது. நாலு வரியை நான் எடுத்ததும் மண்டபத்து மின்விசிறிகள் மரியாதைக்கு நின்றன. முடிவில் அடிக்குரலை நான் ஒற்றை ஆளாக, ஒற்றை மூச்சில், எஃகுக் கம்பி மாதிரி பிடித்தேன். நடுவர்கள் மூவரும் எழுந்துவிட்டார்கள். வெளியே மழை பெய்தது.

அக்கரைக்காரர்கள் கடைசி. கோயில்பிள்ளை நாலு வரி பாடினான். கடைசி ஸ்வரம் வந்தது. பாதியில் மூச்சு முறிந்தது. சத்தம் அறுந்து விழுந்ததை மொத்த மண்டபமும் கேட்டது. நான் ஏழாவது வரிசையில் கற்சிலை போல உட்கார்ந்து, நீதி செத்துவிடவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்படியும் கேடயத்தை அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். அரை மதிப்பெண் வித்தியாசம். உலகம் அப்படித்தான் இருக்கிறது.

டிசம்பர் 10

நேற்று பஸ்ஸில் ஹெப்சி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை வீட்டுக்கு வந்தாள். நேற்றைய கதையை நான் சாப்பிட்டுக்கொண்டே அவள் அத்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில்பிள்ளையின் சத்தம் அறுந்து விழுந்த இடத்துக்கு வந்தபோது ஹெப்சி குறுக்கே வந்தாள்.

"அறுந்துச்சா?"

"மண்டபமே கேட்டுதே."

"மாமா. நான் உங்க இடது பக்கம் உக்காந்திருந்தேன்."

தோசையை மறுபடி சட்னியில் முக்கினேன்.

"அது இருமல்" என்றேன்.

"சுருதி சேர்த்தா இருமுவீங்க?"

அவள் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். ஹெப்சி அழத் தொடங்கினாள். "நாங்க அஞ்சு மாசமா உழைச்சோம். அது பொன்விழாக் கேடயம் மாமா. நீங்க யாரு பக்கம்?"

என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பேன்.

அவள் போன பிறகு நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மழை பெய்தது உண்மை. மற்றதைத் திருப்பி எழுதுகிறேன்.

எங்கள் முறை. நாலு வரி நன்றாகவே போனது. முடிவில் சோப்ரானோ அடங்கியது, ஆல்ட்டோ அடங்கியது, டெனர் அடங்கியது, பேஸ் என்கிற அடிக்குரலில் மாணவர்களும் அடங்கினார்கள். நான் மட்டும். மேடத்தின் கை மேலேயே இருக்கிறது. நெஞ்சு காலியாகிறது. அப்போது, சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை, என் வலது முழங்கை தானாகப் போய் ஒரு இடி இடித்தது. இடித்துவிட்டு நிம்மதியாக மூச்சை எடுத்தேன். வலது பக்கம் நின்றது பிரின்ஸ். பாவம், நகரச் சொல்கிறேன் என்று நினைத்து, ஒரு அடி தள்ளி நின்று, "ஸாரி மாமா" என்றான். ஆறு அந்த இடத்தில் வற்றியது. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மேடையில் "ஸாரி மாமா" கேட்டது. அவ்வளவுதான்.

பிறகு ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் ஹெப்சி. வலது பக்கம் காலி நாற்காலி. கடைசியாக அக்கரைக்காரர்கள் ஏறினார்கள். நான் வேண்டிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அவன் முறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு நடந்தது அவனுக்கும் நடந்தால் நாங்கள் சமம். கேடயமும் எங்களுக்கு வந்துவிடும்.

அவர்கள் பக்கத்திலும் எல்லாக் குரலும் அடங்கியது. அவன் மட்டும் நின்றான். எனக்கு அவன் மூச்சு எங்கே முடியும் என்று தெரியும். நெற்றி நரம்பு தெரியும், தாடை ஒரு இம்மி இறங்கும். இறங்கியது. அவனுடைய இடது முழங்கை அசைந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பையனின் விலாவில் ஒரு இடி. பையன் துள்ளினான். கோயில்பிள்ளை மூச்சை எடுத்தான்.

சத்தம் அறுந்து விழவில்லை. மண்டபத்தில் எங்கிருந்தோ அதே ஸ்வரம் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு மேடையில் அவன் மறுபடி பிடித்துக்கொண்டான். நடுவர்களில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. கீழ்ச் சத்தத்துக்குத் திசை கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் உண்டு. அவள் என் வாயைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருடம் கூட நின்றவன் என்னைக் கைவிட்டான். வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் மறைத்தாள். அதையெல்லாம் எழுதி வைத்துக் கோபப்பட முடிகிறது. என் சொந்தத் தொண்டை, எருமையை எழுப்பிய தொண்டை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்க்கட்சிக்குப் போனதற்கு யாரிடம் போய்க் கோபப்படுவது?

டிசம்பர் 14

தேர்வுப் பிரிவில் கூட்டம். மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் கோயில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. அவர் முறை வந்தது.

"அண்ணாச்சி."

நான் கோப்பைப் புரட்டினேன்.

"கேடயத்தை எங்க ஆபீஸ்ல கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க."

புரட்டினேன்.

"கொஞ்சம் பிந்தித்தான் பிடிச்சீரு" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற பெண், "சார், சீக்கிரம்" என்றாள். என் வாயில் ஆயிரம் வசனம் வந்தது. சீசர் வந்தார், ஆப்பிள் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "மூணாம் கவுண்டர்ல கேளும்" என்றேன்.

மூன்றாம் கவுண்டர் நவம்பரிலிருந்து மூடியிருக்கிறது. அவருக்கும் அது தெரியும். ஜன்னல் கம்பியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் கவுண்டர் இருக்கிற பக்கமே நடந்து போனார். கால் வீக்கம் இல்லாத நடை.

மேலே "அவர்" என்று எழுதியிருக்கிறேன். அடிக்க மை வீண். இருக்கட்டும்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் கீதங்கள் பாட ஹெப்சி கூப்பிட வந்தாள். வரவில்லை என்றேன். "பேஸுக்கு ஆளில்ல மாமா" என்றாள். அவள் என்னை மன்னிக்கவில்லை. ஆள் இல்லாததால் கூப்பிடுகிறாள். அதுவும் ஒரு காரணம்தான். மப்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

வீடு வீடாகப் பாடினோம். என் வலது பக்கம் பிரின்ஸ் இரண்டு முழம் தள்ளி நின்றான். யாரோ இடிப்பார்கள் என்கிற பயம்.

இந்த நோட்டு இன்றோடு முடிகிறது. ஹெப்சி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், அதனால் கணக்கை முடித்துவிடுகிறேன். எருமை எழுந்தது பொய். துணைவேந்தரின் கண்ணாடி பொய். தலைகுனிந்தது சபையின் நேரத்துக்காக என்பதும் பொய். எக்ஸ்ரே எடுக்கவே இல்லை; விலாவில் பள்ளமும் கிடையாது.

ஆனால் அன்று ஏழாவது வரிசையில், மேடையில் அவருடைய முழங்கை அசைந்த அதே நொடியில், காலி நாற்காலிப் பக்கமிருந்து என் வலது விலாவில் ஒரு இடி விழுந்தது. அது மட்டும் உண்மை.